நிறுத்திப் பார்த்தா தெரியுற மந்திரம்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு குழந்தைங்க கார்ட்டூனோட ஒரே ஒரு எபிசோட் பத்தி. தொடரோட பேரு 'தி அவுல் ஹவுஸ்'. டேனா டெரஸ் உருவாக்கினது. டிஸ்னி சேனல்ல 2020 ஜனவரியில ஆரம்பிச்சு, 2023 ஏப்ரல்ல முடிஞ்சது. அதுல முதல் சீசன், நாலாவது எபிசோட், 'தி இன்ட்ரூடர்'. மொத்தமே 22 நிமிஷம்தான் ஓடும். முதல் சீசன் கதையில கொஞ்சம் இங்க வெளிய வந்துரும். இன்னும் பார்க்காதவங்க, பார்த்துட்டு வந்துகூட கேட்கலாம். கடைசி சீசன் ரகசியம் எதையும் உடைக்க மாட்டேன்.

கதை இதுதான். 14 வயசுப் பொண்ணு ஒருத்தி, பேரு லூஸ். ஆமா, லூஸ். சிரிச்சு முடிச்சாச்சா? சரி. ஸ்பானிஷ்ல அந்தச் சொல்லுக்கு 'வெளிச்சம்'னு அர்த்தம். இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். இவ ஒரு கதவு வழியா 'பாய்லிங் ஐல்ஸ்'ங்கிற வேற உலகத்துக்குப் போயிடுறா. எப்பவோ செத்துப்போன ஒரு பிரம்மாண்டமான டைட்டனோட உடம்புதான் அந்தத் தீவு. அங்க ஈடான்னு ஒரு மந்திரக்காரி. யாருக்கும் அடங்காதவங்க, வாய் ஜாஸ்தி, ஆனா தீவுலயே பெரிய கை. அவங்ககூட கிங்னு ஒரு குட்டிப் பிசாசு. லூஸ் ஈடாகிட்ட சிஷ்யையா சேர்றா. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, மந்திரம் கத்துக்கணும்.

நாலாவது எபிசோடுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டாவதைக் கொஞ்சம் பார்த்துடுவோம். அதுல ஒரு தாத்தா லூஸ்கிட்ட வந்து, "விதி தேர்ந்தெடுத்த பொண்ணு நீதான்"னு சொல்றார். மந்திரக் கதைகள்ல நாம எத்தனை தடவை கேட்டிருப்போம் இதை! கடிதம் வரும், நெத்தியில அடையாளம் இருக்கும், தீர்க்கதரிசனம் இருக்கும். இங்க அது முழுக்க முழுக்க பொறி. அவளை ஏமாத்துறதுக்கு ஒரு பிசாசு போட்ட நாடகம். ரெண்டாவது எபிசோட்லயே தொடர் சொல்லிடுது: உன்னை யாரும் தேர்ந்தெடுக்கல. அப்படின்னா அவ எப்படித்தான் மந்திரக்காரி ஆவா? அந்தக் கேள்விக்குப் பதில்தான் நாலாவது எபிசோட்.

அன்னைக்கு அந்தத் தீவுல கொதிக்கிற மழை. வெளிய காலை வச்சா தோல் வெந்துரும். மூணு பேரும் வீட்டுக்குள்ளயே. லூஸ் விடாம நச்சரிக்கிறா, ஒரு மந்திரமாவது சொல்லிக்கொடுங்கன்னு. ஈடா விரலால காத்துல ஒரு வட்டம் போடுறாங்க. வெளிச்சம் ஒரு சின்ன உருண்டையா மிதந்து வருது. லூஸ் அதை போன்ல வீடியோ எடுத்துக்கிறா. அப்புறம் அவளும் வட்டம் போட்டுப் பார்க்கிறா. ஒண்ணும் வரல.

ஏன்? மந்திரக்காரங்களுக்கு இதயத்தோட ஒட்டி ஒரு பித்தப்பை இருக்கு. நம்ம கல்லீரல் பக்கத்துல இருக்கிற பித்தப்பை இல்ல, இது வேற. மந்திரம் வர்றதே அதுல இருந்துதான். மனுஷங்களுக்கு அது கிடையாது. அதாவது, "நீ சரியா முயற்சி பண்ணல"ன்னு யாரும் சொல்லல. "உனக்கு அந்த உறுப்பே இல்ல"ன்னு சொல்றாங்க.

வழக்கமா ஒரு கார்ட்டூன் இந்த இடத்துல என்ன பண்ணும்? உன்னை நம்பு, உனக்குள்ள ஒரு சக்தி ஒளிஞ்சிருக்குன்னு பாட்டு போடும். இது அப்படிப் பண்ணல. அவளுக்கு அந்தப் பை இல்லைங்கிறது உண்மை. எபிசோட் முடியும்போதும் அது உண்மைதான்.

ராத்திரி ஈடா தூங்கப் போயிடுறாங்க. வீட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு நடமாடுது. பெருசு, இறக்கை, நகம். லூஸும் கிங்கும் பயந்து ஒளியுறாங்க. அந்த நேரத்துலதான் லூஸ் அந்த வீடியோவைப் பார்க்கிறா. வட்டம் முழுசா சேர்ற நொடியில நிறுத்துறா. வட்டத்துக்கு உள்ள மெல்லிசா கோடுகள். ஒரு வடிவம். வீடியோ ஓடும்போது அது கண்ணுக்குச் சிக்காது, அவ்வளவு சீக்கிரம் மறைஞ்சுடும். அதை ஒரு காகிதத்துல அப்படியே வரைஞ்சு, விரலால ஒரு தட்டு தட்டுறா. வெளிச்சம் வருது. லூஸோட முதல் மந்திரம், அவ பேருக்கு என்ன அர்த்தமோ அதுவே.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பழக்கமா இருக்கும். எழுதினவர் வேலையை விட்டுப் போயிருப்பார், டாக்குமென்ட் ஒரு வரிகூட இருக்காது, ஆனா கோட் ஓடும். என்ன பண்ணுவோம்? பிரேக்பாயின்ட் வச்சு, ஓடுறதைப் பாதியில நிறுத்தி, அந்த நொடியில உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பார்ப்போம். லூஸ் பண்ணது ரிவர்ஸ் இன்ஜினியரிங்.

இதுல என்னை யோசிக்க வச்சது ஈடாதான். வாழ்க்கை பூரா வட்டம் போட்டவங்க, தன் வட்டத்துக்குள்ள இருக்கிற கோட்டைப் பார்த்ததே இல்ல. பார்க்கத் தேவையே வரல. எங்க ஆயா விடிகாலையில கோலம் போடுவாங்க. எத்தனை புள்ளின்னு கேட்டா வாயால சொல்ல வராது, போட்டுத்தான் காட்டணும். நல்லா செய்யத் தெரிஞ்சவங்களுக்கு அதைப் பிரிச்சுச் சொல்லத் தெரியணும்னு கட்டாயம் இல்ல. இயல்பா வராதவங்கதான் நிறுத்தி, உள்ள பார்க்க வேண்டியிருக்கு.

நான் படிச்சது மெக்கானிக்கல். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த புதுசுல ஒரு சீனியர் சொன்னார்: "கோடிங்லாம் மண்டையிலயே இருக்கணும் தம்பி, சொல்லிக்கொடுத்து வராது." அப்போ எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இப்போ தெரியும். மண்டையில இல்லாம இருக்கலாம் சார், காகிதத்துல எழுதி வச்சுக்கிறேன்.

"அப்போ உழைச்சா எல்லாரும் சமம்"னு நான் சொல்ல வரல. தொடரும் அப்படிச் சொல்லல. ஈடாவுக்கு ஒரு விரல் போதும். லூஸுக்கு ஒவ்வொரு தடவையும் காகிதம் வேணும், பேனா வேணும், வரைய நேரம் வேணும். அந்த வித்தியாசத்தைத் தொடர் மறைக்கல. வழி இருக்கு, ஆனா சுத்து வழி.

இன்னொரு கேள்வி வரும். வீடியோவைப் பார்த்து வரைஞ்சது காப்பிதானே? யூடியூப் பார்த்து அப்படியே டைப் பண்ற மாதிரிதானே? ஆமா, காப்பிதான். அது தொடருக்கும் தெரியும். 12-வது எபிசோட்ல ஹெக்ஸ்சைடு பள்ளியில சேர லூஸுக்கு ரெண்டு மந்திரம் தெரிஞ்சிருக்கணும். கையில இருக்கிறது ஒண்ணு. ஈடா அவளைப் பனிமலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்கதான் அவளுக்குப் புரியுது, இந்த வடிவங்கள் எல்லாம் அந்தத் தீவோட இயற்கையிலயே இருக்குன்னு. ஐஸ் மந்திரத்தோட வடிவத்தைப் பனித்துகள்ல கண்டுபிடிக்கிறா. முதல் மந்திரம் வீடியோல இருந்து வந்தது, ரெண்டாவது அந்த மந்திரமெல்லாம் எங்க இருந்து வருதோ அங்க இருந்தே வந்தது. காப்பியில ஆரம்பிக்கிறது தப்பில்ல. அங்கயே உட்கார்ந்துட்டா ஒரே மந்திரத்தோட நின்னுடுவோம்.

சரி, வீட்டுக்குள்ள நடமாடுன அந்த மிருகம்? அது ஈடாதான். சின்ன வயசுல யாரோ வச்ச சாபம். தினமும் ஒரு மருந்து குடிச்சுக் கட்டுக்குள்ள வச்சிருக்காங்க. அன்னைக்கு மருந்து உள்ள போகல. 'இன்ட்ரூடர்'னு பேர் வச்சிருக்காங்க, ஆனா வெளிய இருந்து யாருமே வரல. வீட்டுக்காரங்களேதான்.

தைராய்டுக்கோ சுகருக்கோ தினமும் மாத்திரை போட்டுட்டு, ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு இருப்பீங்க. ஈடாவும் அப்படித்தான். ஒரு விரல்ல எல்லாம் செய்ற அவங்களால அந்த ஒண்ணை மட்டும் மாத்த முடியல. வாய்ச் சவடாலுக்குப் பின்னாடி அதை மறைச்சு வச்சிருந்தாங்க. அந்த மிருகத்துக்கு வெளிச்சம் ஆகாது. லூஸோட அந்தச் சின்ன உருண்டைதான் அன்னைக்குக் காப்பாத்துது. உறுப்பு இல்லாத பொண்ணு, சாபம் உள்ள குரு. ஈடா திரும்பி வந்ததும் முதல் தடவையா லூஸ்கிட்ட சாபத்தைப் பத்திப் பேசுறாங்க. அவ வரைஞ்ச காகிதத்தைப் பார்த்து வாயடைச்சுப் போறாங்க. அவங்க இப்படி ஒரு மந்திரத்தைப் பார்த்ததில்ல.

உங்களுக்கு ஒரு விஷயம் வரலன்னா, அது நல்லா வர்ற ஒருத்தர்கிட்ட போய், "ஒரு தடவை மெதுவா செஞ்சு காட்டுறீங்களா, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்"னு கேளுங்க. உங்களுக்கு அது சுலபமா வருதுன்னா, யாராவது இப்படிக் கேட்கும்போது "அது உனக்கு வராதுப்பா"ன்னு அனுப்பிடாதீங்க. ஈடா அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டலைன்னா, அந்த வீடியோவே இருந்திருக்காது.

முழுத் தொடரும் பார்க்க நேரம் இல்லாதவங்க, முதல் சீசன்ல 1, 2, 4, 12 மட்டும் பாருங்க. பார்த்துட்டு உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.