வளவும் விடுதியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நெஞ்சில் நிற்கும் தங்குமிடங்கள்' என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், கவிஞர் கூடும் அவையில் ஹோட்டல்களுக்கு என்ன வேலை என்று வினவினார். வினவியதில் தவறில்லை. புதுமண இணையர் எங்கே செல்லலாம், பிள்ளைகளுடன் விடுமுறையைக் கழிக்க எது ஏற்ற இடம் என்றெல்லாம் எடுத்துரைக்கப் பயண முகவர்கள் இருக்கிறார்கள். அறையின் வாடகையையும் நீச்சற்குளத்தின் நீளத்தையும் அவர்கள் நன்கு அறிவார்கள். நான் பேச விழைவது அவர்கள் பட்டியலில் ஏறாத ஒன்றைப் பற்றி. ஒரு வீடு விடுதியாக மாறும்போது அதனுள் வாழ்ந்த சொற்கள் என்ன ஆகின்றன என்பதே என் பொருள்.

நம் மொழியில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற் பொருள். புதிதாய் வந்தவர் விருந்தினர் ஆனார். அவருக்கு இட்ட உணவும் விருந்து ஆயிற்று. இந்த மரபு நமக்குள் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை ஒரு வேடிக்கையான சான்றால் அறியலாம். உலகின் பல நாடுகளில் ஹோட்டல் என்றால் உறங்கும் இடம். தமிழ்நாட்டிலோ ஹோட்டல் என்றால் இட்டிலியும் காபியும் கிடைக்குமிடம். உறங்குவதற்கு 'லாட்ஜ்' என்று வேறொரு சொல்லைத் தேடிக்கொண்டோம். வந்தவர்க்கு முதலில் சோறு, பிறகே பாய் என்பது நம் முறை!

சத்திரங்கள் இம்முறையில் எழுந்தவையே. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஒரத்தநாட்டில் 1802இல் முத்தாம்பாள் பெயரால் சத்திரம் ஒன்றை நிறுவினார். குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர்போல அதன் ஒரு பகுதி அமைந்திருப்பதை நேரில் கண்டவர் மறவார். சத்திரங்களின் நடைமுறையை விளக்கி 1801இல் ஆங்கில அதிகாரிக்கு அம்மன்னர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சாதி, சமயம் பாராது வழிப்போக்கர் அனைவர்க்கும் அங்கே உணவு அளிக்கப்பட்டது. நோயுற்றோர்க்கு மருத்துவமும், பிள்ளை பெறும் பெண்களுக்குப் பேணுதலும், குழந்தைகளுக்குப் பாலும் கிடைத்தன. உண்ணாதவர் எவரேனும் எஞ்சியிருப்பின் வந்து உண்ணுமாறு நள்ளிரவில் மணியடித்து அழைத்தார்கள் என்ற செய்திகளை அக்கடிதம் தருகிறது. (பந்தியிலும் சமைத்த சோற்றிலும் வருண வேறுபாடு நுழைந்திருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை.) அந்த நள்ளிரவு மணியோசைக்கு ஈடான வசதியை எந்த ஐந்து நட்சத்திர விடுதியும் இன்றுவரை அளித்ததாக நான் அறியேன். 1855இல் தஞ்சை அரசு முற்றாக ஆங்கிலேயர் கைக்குப் போனபின் சத்திரங்கள் மெல்ல மெல்லத் தம் பணியை இழந்தன. சில மாணவர் விடுதிகளாயின, பல பாழடைந்தன.

அரண்மனைகளின் கதை வேறு. செய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957இலும், உதயப்பூர் ஏரியின் நடுவே நிற்கும் மாளிகை 1963இலும் விடுதிகளாக மாறின. அவற்றின் புகழை நான் விரிக்க வேண்டுவதில்லை. அரசருக்கு ஒரே கையெழுத்து, அரண்மனை விடுதியாகிவிடும். நம் செட்டிநாட்டு வீட்டுக்கோ நாற்பது, ஐம்பது கையெழுத்துகள் வேண்டும். ஆகவே, அந்த வீட்டைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். தெருவில் முகப்பு. அதைத் தாண்டினால் வளவு, அதாவது வானம் பார்த்த முற்றமும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும். வளவின் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் பட்டாலை. அடுத்து இரண்டாங்கட்டு, பின்னர் அடுப்படி. முன்வாசலில் நின்று பார்த்தால் கதவு கதவாகக் கண்ணோட்டம் சென்று, மறு தெருவில் திறக்கும் பின்வாசலின் வெளிச்சத்தில் முடியும். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி என்று கடல் கடந்து வந்த பொருள்கள் பல. சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த பூச்சு. கோடை நண்பகலில் கன்னத்தை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். தரைக்கு ஆத்தங்குடிக் கல். இக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். மனிதர் நடக்க நடக்க அதற்கு மெருகு ஏறும். பூட்டிய வீட்டில் அது மங்கிப்போகும்.

இவ்வளவும் எங்கிருந்து வந்த செல்வம்? பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1852இல் கீழ்ப்பர்மாவும் ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசி வாணிகம் பெருகியது. பயிரிட நிலம் திருத்தியவர்க்குக் கடன் கொடுத்தவர் நகரத்தார். 1930களின் பெருமந்தத்தில் அரிசி விலை வீழ்ந்து கடன் திரும்பாமற் போகவே, கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அங்கே நிலமிழந்த உழவனின் கண்ணீரையும் இந்தத் தேக்குத் தூண்களின் கணக்கில்தான் எழுத வேண்டும். 1942இல் சப்பானியப் படை நுழைந்தபோது தப்பியோர் நடந்தும் கப்பலேறியும் ஊர் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. அத்துடன் வரவு நின்றது. வீடுகள் மட்டும் நின்றன.

நின்ற வீடுகளுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். சென்னையில் ஒரு பங்கு, சிங்கப்பூரில் ஒரு பங்கு, அமெரிக்காவில் இரண்டு பங்கு. திருமணத்திற்கும் படைப்பிற்கும் இறுதிச் சடங்கிற்கும் மட்டுமே கதவு திறக்கும். ஓடு சரிந்தால் மாற்றுவது யார் என்பதே வழக்காகிவிடும். ஒத்துப்போக இயலாதவர்கள் கடைசியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போவார்கள். வீட்டைப் பிரித்து விற்றுவிடுவார்கள். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் அடுக்கியிருக்கும் தூண்களும் நிலைகளும் அவ்வாறு வந்தவையே. அவை எங்கே போகின்றன என்று கேளுங்கள். வேற்றூர் விடுதிகளின் வரவேற்புக் கூடங்களுக்கும் போகின்றன! ஒரு வீட்டைக் கொன்று மற்றொரு விடுதிக்கு மாலை சூட்டும் இந்த வாணிகத்தை நான் பாராட்ட மாட்டேன். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவைப் போல, பெயர்த்த வீட்டைக் கல்விக்காக மீண்டும் நிறுத்துவது வேறு. தூணொன்றைத் தனியே நிறுத்தி அதன்மேல் தொலைபேசியை வைப்பது வேறு.

இந்நிலையில்தான் வீட்டை வீடாகவே நிறுத்தி விடுதியாக்கும் முயற்சி தோன்றியது. காரைக்குடியின் 'பங்களா' 1990களின் இறுதியில் விருந்தினரை ஏற்கத் தொடங்கியது. வாழையிலைச் சாப்பாட்டுக்காகவே அதனை நினைவில் வைத்திருப்பவர் பலர். கானாடுகாத்தானில் 'விசாலம்' இருக்கிறது. தந்தையொருவர் தம் மகளுக்காகக் கட்டிய வீடு அது. ஆண்மக்கள் வழியே வீடு இறங்கும் குலத்தில் இது அரிய செய்தி. கொத்தமங்கலத்துச் 'சாரதா விலாசம்' பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவரின் முயற்சியால் புத்துயிர் பெற்றது. கடியாபட்டியில் 'சிதம்பர விலாசம்' உண்டு. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதி யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் பட்டியல் ஓடு மாற்றாது. தங்க வருவோர் கொடுக்கும் பணமே ஓடு மாற்றுகிறது. இலக்கியவாதிகளாகிய நாம் பணத்தைச் சற்றே முகம் சுளித்துப் பார்க்கும் வழக்கமுடையோம்; இங்கே அந்தச் சுளிப்பு பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்நாளில் வணிகத்துக்கு வந்தவர் முகப்போடு நின்றார். சாதியின் பெயரால் திண்ணைக்கு அப்பால் கால் வைக்க முடியாதிருந்தோர் பலர். இன்று யார் வாடகை கொடுத்தாலும் வளவின் நடுவே நாற்காலியிட்டு அமர்ந்து மழையைப் பார்க்கலாம். வாடகையும் ஒரு வேலிதான்; நாட்கூலி பெறுவோர் அதைத் தாண்ட இயலாது. ஆயினும் பிறப்பு என்னும் பழைய வேலி அங்கே விழுந்துவிட்டது.

மழையைச் சொன்னேன். செட்டிநாடு மழை குறைந்த நாடு. ஆகையால், நான்கு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து நீரை முற்றத்தில் சேர்க்கும். அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். மிஞ்சியது வடிகால் வழியே வெளியேறும். ஊருணிகள் நிறையும். அண்மையில் அத்தகைய விடுதியொன்றில் இரண்டு இரவு தங்கினேன். நல்வாய்ப்பாக ஒரு மாலை மழை பெய்தது. பட்டணத்துக் குழந்தைகள் சிலர், வீட்டிற்குள் மழை பெய்கிறதென்று கூவிக்கொண்டு தூணுக்குத் தூண் ஓடினார்கள். அவர்களின் பெற்றோர் செல்பேசியை மறந்திருந்தார்கள்.

அங்கே பணியாற்றிய இளைஞர் என்னிடம் வந்து, "சார், டிபன் கோர்ட்யார்டுல போடட்டுங்களா?" என்றார்.

"தம்பி, இந்த இடத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டேன்.

சற்றே வெட்கத்துடன், "வளவும்பாங்க சார். எங்க அப்பத்தா இந்த வீட்லதான் வேலை பார்த்துச்சு. அது இன்னும் வளவுன்னுதான் சொல்லும்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சூழ்ந்த காணிக்கு வழங்கும் சொல், செட்டிநாட்டில் வீட்டின் உள்முற்றத்தைக் குறித்து நிற்கிறது. இத்தகைய சொல்லை அந்த இளைஞர் விருந்தினர்முன் சொல்ல நாணினார். குற்றம் அவருடையதன்று. அறைச் சாவியில், உணவுப் பட்டியலில், சுவரிலுள்ள வரைபடத்தில் எங்குமே அச்சொல் இல்லை. பட்டாலை 'லவுஞ்ச்' ஆகிவிட்டது. இரண்டாங்கட்டு 'டைனிங்' ஆகிவிட்டது.

எனக்குத் தரப்பட்ட அறைக்கு 'டபுள் ரூம்' என்று பெயர். அவ்வறையின் வரலாற்றை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஒரு பங்கு உண்டு. உள்ளும் வெளியுமாக இரண்டு அறை. இரட்டை வீடு என்பார்கள். மணமான இணையரை ஒரு 'புள்ளி' என்று எண்ணுவார்கள். ஊர்க்கோயிலுக்கு வரியும் புள்ளிக் கணக்கில்தான். மணமாகிச் சில காலத்தில் அவர்களை 'வேறு வைப்பார்கள்'. வேறு ஊருக்கு அன்று. அதே கூரையின்கீழ்த் தனி அடுப்பு, தனிக் கணக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே முற்றத்தில் முகம் பார்த்து, வெவ்வேறு உலையில் சோறு வடிப்பார்கள். இணையரின் தனிமையையும் குடும்பத்தின் கூட்டையும் ஒரே கட்டடத்துள் இப்படிப் பிரித்தும் பிரிக்காமலும் வைத்த கணக்கு, நம் காலத்து உல்லாச விடுதிகளின் வரைபடத்தில் எனக்கு அகப்படவில்லை. தேனிலவுக்கு வந்து அந்த அறையில் தங்கும் இளையோரிடம் இதை யாரேனும் சொன்னால் மகிழமாட்டார்களா? சொல்வார் இல்லை.

'செட்டிநாடு' என்னும் பெயர் இன்று ஊரூராய் மிளகிட்ட கோழிக்கறிப் பலகையில் தொங்குகிறது. 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்ட சா. கணேசனின் நாடும் அதுவே. ரோஜா முத்தையா தம் கோட்டையூர் வீட்டில் அச்சுத்தமிழைத் தேடித் தேடிச் சேர்த்த நாடும் அதுவே. அவர் மறைந்தபின், 1994இல் அத்தொகுப்பு சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாயிற்று, தாள் பிழைத்தது. விடுதிகளின் புண்ணியத்தில் மரமும் கல்லும் ஓரளவு பிழைத்திருக்கின்றன. வீட்டுச் சொல்லைப் பிழைக்க வைக்கும் கடமையை விடுதி முதலாளிகளிடம் எதிர்பார்ப்பது பேராசை. அது நம் தொழில்.

ஆகவே, வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டில் நம்மில் சிலர் செட்டிநாடு செல்வோம். வசதியுள்ளோர் விடுதியில் தங்கட்டும். ஏனையோர் நண்பர் வீடுகளில் தங்கலாம். அந்த இளைஞரின் அப்பத்தாவைப் போன்றோரிடம் அமர்ந்து, வீட்டின் உறுப்புகளுக்கும் பாத்திரங்களுக்கும் சடங்குகளுக்கும் வழங்கும் சொற்களைக் கேட்டெழுதுவோம். எழுதியதை ஒரு சிறு மடலாக அச்சிட்டு ஒவ்வொரு விடுதிக்கும் இலவசமாக அளிப்போம். அறைக்கதவில் எண்ணுக்குக் கீழே 'இரட்டை வீடு' என்று எழுதும்படி கேட்போம். மறுத்தால் மறுபடி கேட்போம். அந்த இரண்டு நாளில் இளைஞரும் அவர் வழியே அவருடைய அப்பத்தாவும் எனக்குத் தந்த சொற்கள் 37. குறிப்பேட்டைச் செயலாளரிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். அதில் வெற்றுத் தாள்கள் இன்னும் நிறைய உள்ளன.