பை போனால்தான் கட்டி போகும்

தரங்கம்பாடிக் கடற்கரையில் வலை இழுக்கிற ஒருவருக்கு முதுகில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. "கொழுப்புக் கட்டிதானே! மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போடு, பழுத்து உடைஞ்சிடும்" என்பார்கள் வீட்டில். ஒருநாள் உடையும். பிசைந்த மாவு மாதிரி, நாற்றத்தோடு வெளியே வரும். ஆளுக்கு நிம்மதி. சில மாதம் கழித்துத் தடவிப் பார்த்தால், அதே இடத்தில் அதே கட்டி!

ஏன்? பெயர்தான் கொழுப்புக் கட்டி. உள்ளே இருப்பது கெரட்டின். நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே புரதம். நிஜக் கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும், நடுவில் புள்ளி இருக்காது. இவர் முதுகில் இருப்பதோ, தோலுக்கடியில் இருக்கிற ஒரு பை. அந்தப் பையின் சுவர்தான் கெரட்டினை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பிதுக்கிவிட்டுப் பையை விட்டுவைப்பது, ஓட்டையை அடைக்காமல் படகுத் தண்ணீரை இறைக்கிற கதை.

அந்தப் பையை எப்படி எடுப்பது? 1768-ல் இதே தரங்கம்பாடிக்குக் கிறிஸ்தவ மிஷன் மருத்துவராகக் கோனிக் என்பவர் வந்தார். அந்தக் காலத்தில் கட்டிக்குக் கத்திதான். மரத்துப்போக ஊசி கிடையாது. இன்று ஊசி போட்டு, கார்பன் டை ஆக்சைடு லேசரால் சில மில்லிமீட்டரில் ஒரு துளை போடுகிறார்கள். அந்த லேசரை 1964-ல் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். சதையில் இருக்கிற நீர் அதன் கதிரை உறிஞ்சி ஆவியாகிவிடும்; அந்தச் சூட்டில் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபடுவதால், அதிகம் ரத்தம் கசியாது. துளை வழியே உள்ளிருப்பதை வெளியேற்றி, சுருங்கிய பையையும் இழுத்து எடுப்பார்கள். தழும்பு சின்னது.

லேசர் காட்டினாலே கட்டி கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவந்து சீழ் பிடித்திருந்தால் முதல் வைத்தியம் சீழுக்கு. கல் மாதிரி இறுகி, வேகமாக வளர்கிற கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எரித்துவிட்டால் அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. லேசர் இல்லாத ஆஸ்பத்திரியா? கவலை வேண்டாம். கத்தியால் பையோடு எடுத்தாலும் கட்டி போய்விடும். தழும்புதான் கொஞ்சம் நீளும்.

ஆகவே, "லேசரா, கத்தியா?" என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "பையை முழுசா எடுத்துடுவீங்களா, டாக்டர்?"