பட்டத்திற்குப் பின்னும் படிப்புண்டு
(சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)



நம் காலனியில் ஒரு பிள்ளை டாக்டர் பட்டம் பெற்றுவிட்டால் நாம் அனைவரும் மகிழ்கின்றோம். மறுவாரமே, "வேலை எப்போது? கல்யாணம் எப்போது?" என்று கேட்கத் தொடங்கிவிடுகின்றோம். அக்கேள்விகளைச் சிறிது காலம் ஒத்திவைக்கலாகாதா என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

டாக்டர் பட்டம், ஒருவர் தாமே ஆராய வல்லவர் என்பதற்குச் சான்று. அதன்பின் வேறோர் ஆய்வுக்கூடத்தில், தேர்ந்த அறிஞர் ஒருவரிடம் சில ஆண்டுகள் இருந்து, புதிய முறைகளைக் கற்றுத் தமக்கென ஒரு துறையை வகுத்துக்கொள்வதே மேலாய்வு. 'போஸ்ட்டாக்' என்று நம் பிள்ளைகள் சொல்வது இதனையே.

சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து, பரோடாவில் வளர்ந்தவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். நம்மைப் போன்றே தமிழகம் விட்டு வந்து குடியேறிய குடும்பம். அமெரிக்காவில் 1976-ல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னர், உயிரியலை மீண்டும் மாணவராய் அமர்ந்து பயின்றார். 1978-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூர் என்பாரிடம் மேலாய்வுக்குச் சேர்ந்தார். உயிரணுவில் புரதங்களை ஆக்கும் ரைபோசோமை அவர் ஆராயத் தொடங்கியது அங்கேதான். மேலாய்வு முடிந்தபின் ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பதவி கிட்டவில்லை. ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. அந்த ரைபோசோம் ஆராய்ச்சிக்கே 2009-ல், வேறிருவரோடு, நோபெல் பரிசு பெற்றார்.

இன்று வாய்ப்புகள் பலவுண்டு. விஞ்ஞானம், பொறியியல் ஆகியவற்றிற்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் மேலாய்வு உதவித்தொகை வழங்குகின்றது. வயது வரம்பில் பெண்களுக்குச் சலுகையும் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஐ.ஐ.டி.க்களும் தாமே மேலாய்வாளர்களை ஏற்கின்றன. கல்வியியல் பயின்றோர் இந்தியச் சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் குழுவை நாடலாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை நாட்டுக்கு இத்தனை என்ற கணக்கின்றி, எல்லாத் துறையினருக்கும் இடமளிக்கின்றது.

இடர்ப்பாடுகளையும் மறைத்தல் தகாது. இவை தற்காலிகப் பணிகள், ஊதியம் குறைவு, முடிவில் நிலையான பதவி கிடைக்குமென்ற உறுதியும் இல்லை. ஆகவே சேருமுன், "இவரிடம் முன்பு பயின்றோர் இன்று எங்கே உள்ளனர்? பொருளுதவி எத்தனை ஆண்டுக்கு உறுதி?" என்று விசாரித்தறிய வேண்டும். இத்தனை ஆண்டுகள் என்று ஓர் எல்லையும் வகுத்துக்கொள்ளுதல் நலம்.

அவ்வெல்லை வரையிலேனும் பெற்றோராகிய நாம் பொறுத்திருப்போமாக. மகனுக்குத் தரும் அவகாசத்தை மகளுக்கும் தருவோமாக. உதவித்தொகையை அரசு தரும். வீட்டில் மன அமைதியை நாமன்றோ தரவேண்டும்!