அறுகம் குடா

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் நெடுவீதி சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களைத் தொட்டு, வயலும் களப்பும் மாறி மாறித் தோன்ற, ஏறக்குறைய 70 கிலோமீற்றர் சென்று பொத்துவிலை அடைகின்றது. அதற்கும் தெற்கே, களப்பின் மீதுள்ள பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது உல்லை என்னும் சிற்றூர். தமிழ் பேசும் முஸ்லிம் மீனவர் பலர் வாழும் இவ்வூரை உலகத்தார் அறுகம் குடா என்றே அறிவர்.

இதற்குப் புகழ் தேடித் தந்தது அலையேயாம். தென் பெருங்கடலில் எழும் நெடிய அலைகள் குடாவின் தென்முனையில் வளைந்து திரும்பி, கரையோரமாக நெடுந்தூரம் ஒரே சீராக மடிந்து வருகின்றன. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை இதுவே பருவம். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று அவ்வலைகளைச் சிதறவிடாது நிமிர்த்தி வைக்கின்றது. பலகை மீது நின்று அலையிற் சறுக்கும் பிறநாட்டு இளைஞர் 1970களிலேயே இங்கு வரலாயினர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்தல் ஊராருக்கு இரண்டாந் தொழிலாயிற்று. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வருவோர் தொகை குன்றியது.

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் ஊரை அழித்தது. அதன்பின் வந்ததோ வேறொரு துன்பம். கிழக்குக் கரையில், கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. தோணியும் வலையும் கரையில் கிடக்க, மீனவன் தொலைவிற் சென்று உறங்குவதெங்ஙனம்? அதே கரையில் பெரும் உல்லாச விடுதிகளுக்கு இடம் வகுக்கும் திட்டமும் வரையப்பட்டபோது ஊரார் கொதித்தெழுந்தனர். அவர்தம் ஐயம் நியாயமானதே. கனடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வழக்கை உலகறியச் செய்தார். அதற்கு முன்னரே விதி தளர்த்தப்பட்டிருந்தது. அமெரிக்க உதவியாற் கட்டிய புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. 2019இல் அனைத்துலக அலைச்சறுக்குப் போட்டியும் இங்கு நடைபெற்றது.

எனினும் விடுதியும் தோணியும் வேண்டுவது ஒரே மணலைத்தான். சாய்வு நாற்காலிக்கு இடம் விட்டால் வள்ளம் இழுக்க இடமில்லை. வள்ளம் நின்றால் கடற்காட்சி மறைகிறதென்பார் விருந்தினர்.

பலகையேற விரும்பாதார்க்குப் பொத்துவிற் களப்பு உண்டு. அங்கே மீனவரே தோணியில் ஏற்றிச் சென்று, கண்டற் காடுகளையும் கொக்கு, நாரைகளையும் காட்டுவர். அதற்கு அதிகாலையோ மாலைப்பொழுதோ உகந்தது.