முதற் சவரக்கத்தி

முதற் சம்பளம் வாங்கிய மகனுக்கோ, மணமேடை ஏறவிருக்கும் மைத்துனனுக்கோ, தேர்வில் வெற்றி பெற்ற தம்பிக்கோ என்ன பரிசு அளிக்கலாம் என்று நாம் எண்ணும்போது, கைக்கடிகாரம், பேனா, புத்தகம் ஆகிய மூன்றுமே முதலில் நினைவுக்கு வருவன. அண்மைக் காலத்தில் இவற்றோடு நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுவே சவரக்கத்தி. நாள்தோறும் மாற்றும் பிளேடுக் கருவியை நாம் இங்கே கருதவில்லை. பிடிக்குள் மடங்கி அடங்கும் நீண்ட அலகையுடைய பழைய கத்தியையே கருதுகிறோம். வடநாட்டில் உஸ்தரா என்று வழங்குவதும், முடிதிருத்தும் தொழிலாளரின் அடைப்பத்தில் தலைமையிடம் பெற்றிருந்ததும் அதுவே.

இக்கத்தியைப் பரிசாகப் பெறுவோரில் பலர் அதனை இரண்டொரு முறை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எரிச்சலும் கீறலும் கண்டு, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். தமக்குக் கை வரவில்லை என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். உண்மையில் குறை பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. வாங்கிக் கொடுத்தவரின் தேர்விலேயே இருக்கிறது. ஆதலின், புதிதாய்க் கற்போர் ஒருவருக்கு இக்கத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் சிறிது வரலாறு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பவர் மூசையில் உருக்கி வார்த்த எஃகை உருவாக்கினார். சீரான அந்த எஃகு, மெல்லிய கூரிய விளிம்புக்கு ஏற்றதாக அமைந்தது. பிற்காலத்தில் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரம் இத்தொழிலில் முன்னணிக்கு வந்தது. அந்நகரின் பெயரைக் கத்திகளில் பொறிக்கும் உரிமையைக் காக்க 1938இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது என்றால் அதன் சிறப்பை உணரலாம். பிரான்சின் தியேர் நகரமும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றதே. பின்னர் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் மாற்றும் பிளேடுக் கருவியை விற்கத் தொடங்கினார். 1903இல் விற்றவை 51 கருவிகளே. அடுத்த ஆண்டிலோ தொண்ணூறாயிரத்துக்கும் மேல். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அது வழங்கப்பட்டபின், பழைய கத்தி இல்லங்களிலிருந்து மெல்ல மெல்ல மறைந்தது.

மறைந்த ஒன்று மீண்டும் விரும்பப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரு நல்ல கத்தி முறையாகப் பேணப்பட்டால் ஒருவர் வாழ்நாளையும் கடந்து உழைக்கும். குப்பையில் எறிய வேண்டுவது ஏதுமில்லை. ஆனால், அது கற்றுக்கொள்ள வேண்டிய கருவி. கற்பதற்குச் சில மாதங்கள் ஆகும். எனவே, வாங்குவதற்கு முன் பெறுபவரைப் பற்றிச் சிந்திப்பது முதற் கடமை. அவருக்குக் காலையில் அரை மணி நேரம் கிடைக்குமா? ஒரு தொழிலைப் பொறுமையாகப் பழகும் இயல்பு உண்டா? முகத்தில் பருக்கள் மிகுந்திருக்கின்றனவா? கை நடுக்கம் உண்டா? இவற்றுக்கு ஏற்ற விடை கிடைக்காவிடில் பேனாவே சிறந்த பரிசு. வீட்டில் தவழும் குழந்தைகள் இருப்பின், கத்தியைப் பூட்டி வைக்க இடம் உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

இனி அலகின் அகலம். இதனை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவது மரபு. 4/8 என்பது குறுகியது; 7/8, 8/8 என்பவை மிக அகன்றவை. குறுகிய அலகில் நுரை விரைவில் நிரம்பிவிடும். அகன்ற அலகோ மூக்கின் கீழே திரும்ப இடமின்றி இடர் தரும். 5/8 அல்லது 6/8 அகலமே கற்பவருக்கு ஏற்றது. 5/8 என்பது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர்.

அடுத்தது அலகின் உடல். முதுகிலிருந்து வாய் வரை ஆப்புப்போல் தடித்திருக்கும் கத்திகள் உண்டு. இருபுறமும் நன்றாகக் குழித்துச் சாணை பிடித்து, காகிதம்போல் மெல்லியதாக்கப்பட்ட கத்திகளும் உண்டு. தடித்தது கனமானது, கல்லில் தீட்டுவது கடினம். மெல்லியது முகத்தில் மென்மையாக ஓடி, மயிர் அறுபடும் ஓசையைக் காதுக்கு உணர்த்தும். அவ்வோசையே கற்பவருக்கு ஓர் ஆசிரியர் எனலாம். எனினும் மிக மெல்லிய வாய், தவறான தீட்டலால் எளிதில் பழுதுபடும். ஆகவே பாதியளவோ, அதற்குச் சற்று மிகுதியாகவோ குழித்த அலகைத் தேர்வது நன்று.

மூன்றாவது முனை. சில கத்திகளின் முனை சதுரமாய், ஊசிபோல் கூர்ந்திருக்கும். காதோரம் கோடு இழுத்தாற்போல் மழிப்பதற்கு அது தேர்ந்தவர் கையில் உதவும். பழகாத கையிலோ காது மடலைக் கீறிவிடும். வளைந்த முனையே புதியவருக்கு உரியது.

எஃகைப் பொறுத்தவரை கார்பன் எஃகு, துருவேறா எஃகு என இருவகை. கார்பன் எஃகு கல்லில் எளிதாகத் தீட்டப்படும்; ஆனால் ஈரம் பட்டால் விரைவில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகைத் தீட்டச் சற்று உழைப்பு வேண்டும். ஆயினும் மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் வாழ்வோருக்கு அது கவலை குறைந்தது. பெறுபவர் கருவிகளைத் துடைத்துப் பேணும் பழக்கமுடையவரானால் கார்பன் எஃகையே தயங்காமல் வாங்கலாம்.

கைப்பிடியில் மயங்கிவிடுதல் கூடாது. கொம்பு, கருங்காலி, பிளாஸ்டிக் எதுவாயினும் மழிப்பதில் வேறுபாடு இல்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் கூறுவோம். பழைய செல்லுலாய்டுப் பிடிகள் நாளடைவில் சிதைந்து, அமில ஆவியை வெளியிட்டு, அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். யானைத் தந்தப் பிடியுள்ள கத்தியை வாங்குவதும் விற்பதும் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

பழைய கத்தியை வாங்கலாமா என்று கேட்கலாம். தாராளமாக வாங்கலாம், நூறாண்டுக்கு முந்திய ஸோலிங்கன் கத்தி இன்றும் புதியதற்கு இணையாக உழைக்கும். ஆனால் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அலகைச் சமமான கண்ணாடித் தட்டின் மேல் மெல்லப் படுக்க வைத்தால், முதுகும் வாயும் முழுநீளத்துக்கும் ஒன்றிப் படிய வேண்டும். நொண்டினால் அலகு திருகியிருக்கிறது என்பது பொருள். வாயின் கோடு நேராகவோ, வெளிநோக்கிச் சிறிதே வளைந்தோ இருக்கலாம். உள்நோக்கிக் குழிந்திருத்தல் ஆகாது. வாயோரத்தில் துருக்குழிகளோ, மயிரிழை போன்ற விரிசலோ காணப்பட்டால் வாங்குதல் வேண்டா. கத்தியை மடக்கும்போது அலகு பிடியின் இருபுறத்தையும் தொடாமல் நடுவில் அமர வேண்டும். தொட்டால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் வாய் மழுங்கும்.

இதுகாறும் கூறியவை யாவும் ஒரு தட்டில் வைக்கத் தக்கன என்றால், இனிக் கூறப்போவது தனியே மறுதட்டில் வைக்கத் தக்கது. கத்தி முகத்தில் வைக்கத் தக்க கூர்மையோடு பெறுபவர் கைக்குச் செல்ல வேண்டும். கடையில் புதிதாகக் கிடைக்கும் கத்திகள் பல காகிதத்தை அறுக்கும், கைமயிரையும் அறுக்கும், ஆயினும் முகத்துக்கு வேண்டிய இறுதிக் கூர்மை அவற்றில் இருப்பதில்லை. மழுங்கிய கத்தி மயிரை அறுக்காமல் இழுக்கும். இழுத்தால் பழகாதவர் அழுத்துவார். அழுத்தினால் தோல் கிழியும். கூரிய கத்தியைவிட மழுங்கிய கத்தியே மிகுதியும் காயப்படுத்துகிறது. தன் முதற் கத்தி கூர்மையற்றது என்பதைக் கற்பவர் அறிய வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறொன்றில்லை. அதனால்தான் அவர் தம் கையையே குறை கூறுகிறார். எனவே, கத்தியின் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டேனும், தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துக் கல்லில் தீட்டி வாங்கிப் பிறகே பரிசளியுங்கள். பிடியில் செலவிடும் பணத்தினும் இதில் செலவிடும் பணமே மிகுந்த பயன் தரும்.

தீட்டும் கல்லையும் உடன் வாங்க வேண்டுமோ என்று ஐயுறலாம். வேண்டியதில்லை. கல்லில் தீட்டுவது தனிக் கலை. சில மாதங்களுக்கு ஒரு முறையே தேவைப்படும். ஆனால், தோல்வார் இன்றியமையாதது. ஒவ்வொரு முறை மழிப்பதற்கு முன்பும் அலகை அதன்மேல் முப்பது, நாற்பது முறை ஓட்ட வேண்டும். முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் தோலும் அறுபடும், கூர்மையும் கெடும். புதியவர் முதல் வாரை வெட்டிவிடுவது பெரும்பாலும் நிகழ்வதே. ஆகையால் விலை குறைந்த வாரையே முதலில் வாங்குக. தோல்வாரின்றிக் கத்தியை மட்டும் கொடுப்பது, மையின்றிப் பேனாவைக் கொடுப்பதை ஒக்கும்.

பாதி பிளேடைச் செருகிப் பயன்படுத்தும் கத்தி வடிவக் கருவியும் கிடைக்கிறது. இன்றைய முடிதிருத்தும் நிலையங்களில் பெரிதும் காணப்படுவது அதுவே. ஒருவர் குருதி மற்றவருக்குப் பட்டால் ஹெபடைட்டிஸ்-பி, எச்.ஐ.வி. போன்ற தொற்றுகள் பரவக்கூடும். எனவே ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு என்பது அங்கே நல்ல ஏற்பாடு. விருப்பம் நிலைக்குமா என்று ஐயம் இருப்பின், குறைந்த விலையுள்ள அதனைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அது இலேசானது. சிறு பிழையையும் பொறுக்காதது. அதில் பட்ட துன்பத்தைக் கொண்டு உண்மையான கத்தியை மதிப்பிடுதல் ஆகாது. மற்றொன்று: இல்லத்துக் கத்தியும் ஒருவருக்கே உரியது, தந்தையும் மகனும் பகிர்ந்துகொள்ளலாகாது.

பரிசோடு சில சொற்களையும் எழுதி வைத்தல் நலம். முதல் இரண்டு வாரம் கன்னங்களை மட்டும் கத்தியால் மழித்து, மோவாயையும் மேலுதட்டையும் வழக்கமான கருவிக்கு விட்டுவிடலாம். வெந்நீரால் முகத்தை நன்கு நனைத்து நுரை பூச வேண்டும். தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, அலகை முகத்தோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வைத்து, மயிர் வளரும் திசையிலேயே இறக்க வேண்டும். வாயின் நீளவாக்கில் அலகைச் சிறிதும் அசைத்தல் கூடாது. வெட்டுக் காயம் விளைவது அதனாலேயே. கீறல் ஏற்பட்டால் நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவலாம். முடிந்ததும் அலகைக் கழுவித் துடைத்து, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். சில நாட்கள் பயன்படுத்தாமல் வைப்பதாயின் தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளி பூசினால் போதும். மீண்டும் எடுக்கும்போது அதனைத் துடைத்துவிடுக. விமானப் பயணத்தில் இதனைக் கைப்பையில் கொண்டுசெல்ல இயலாது என்பதையும் நினைவூட்டுங்கள்.

கூரிய பொருளைப் பரிசளித்தால் நட்பு அறுபடும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் உண்டு. அதற்குக் கழுவாயாக, பெற்றவர் ஒரு சிறு நாணயத்தைத் திருப்பித் தந்து, விலைக்கு வாங்கியதாகப் பாவிப்பாராம். நாம் நாணயம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்தது என்றும் எண்ணுதல் கூடாது. ஒரு மாதம் கழித்து, கத்தி எப்படி இருக்கிறது என்று ஒரு சொல் கேட்போம். இழுக்கிறது என்று அவர் கூறினால், மீண்டும் தீட்டுவதற்கு உரிய இடத்துக்கு அனுப்பி வைப்போம். ஒரு கருவியைக் கொடுப்பது எளிது. அதனைப் பழகி முடிக்கும் வரை துணை நிற்பதே கொடுத்தவருக்குப் பெருமை.