தோட்டத்தைச் சுமக்கும் வீடு

வீடு கட்டி, சுண்ணாம்பு பூசி, கிருகப்பிரவேசமும் நடந்தேறிய பிறகே தோட்டத்தைப் பற்றி நினைப்பது நம்மில் பலருடைய வழக்கம். எஞ்சிய இடத்தில் நான்கு பூச்செடிகளை நட்டுவிட்டால் போதும் என்று கருதுகிறோம். வீடும் தோட்டமும் ஒரே திட்டத்தில் உருவாக இயலாதா? இயலும் என்பதற்கு ஆமதாபாத்தில் உள்ள ஓர் இல்லம் சான்று.

சண்டிகர் நகர நிர்மாணத்தில் ஈடுபட்டிருந்த கட்டடக்கலை நிபுணர் லெ கார்புசியே, 1951-ஆம் ஆண்டில் ஆமதாபாத்துக்கும் வந்தார். மனோரமா சாராபாய் அம்மையார், தமக்கும் தம் மக்களுக்கும் ஒரு வீடு அமைத்துத் தருமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். 1950-களின் நடுவில் அவ்வீடு எழுந்தது.

கடுங்கோடை, அதை அடுத்துப் பெருமழை: இவ்விரண்டையும் தாங்குவதே அங்குள்ள பிரச்சினை. அவர் செங்கற் சுவர்களை வரிசை வரிசையாக இணையாக நிறுத்தினார். சுவருக்குச் சுவர் வளைவுக் கூரை வேய்ந்தார். வீசும் காற்று உள்ளே புகுந்து செல்லுமாறு இரு முனைகளையும் திறந்துவிட்டார். அம்முனைகளில் உள்ள ஆழ்ந்த தாழ்வாரங்கள் வெயிலையும் சாரலையும் தடுக்கின்றன. தரைக்குச் சென்னைப் பக்கத்துக் கருங்கல்லைப் பாவினார்.

வீட்டின் சிறப்பு கூரையின்மேல் இருக்கிறது. அங்கே மண் பரப்பிப் புல்லும் செடியும் வளர்க்கப்பட்டன. வெயில் முதலில் புல்லின்மேல் விழுகிறது. இலைகள் நீரை ஆவியாக்கி வெப்பத்தைத் தணிக்கின்றன. கீழுள்ள மண் மெதுவாகவே சூடேறுகிறது. ஆதலால் இங்கே தோட்டம் வெறும் அலங்காரம் அன்று. கூரையின் வேலையில் பாதியை அது செய்கிறது. மேலிருந்து ஒரு சறுக்குப் பாதை நேரே குளத்தில் இறங்குவது, குழந்தைகளுக்கான குதூகலம்.

இதைக் கேட்டதும் நம் மொட்டைமாடியில் மண் கொட்டத் தோன்றலாம். அதில் ஆபத்து உண்டு. நீர் ஊறிய மண் ஒரு கன மீட்டருக்கு 2,000 கிலோ வரை கனக்கும். ஒரு சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் உயரம் பரப்பினாலே 300 கிலோ வரை பாரம் ஏறிவிடும். மக்கள் நடமாடும் சாதாரண மாடியோ, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுவது வழக்கம். ஆமதாபாத் வீட்டின் சுவர்களும் வளைவுகளும் தோட்டத்தைச் சுமப்பதற்கென்றே தொடக்கத்தில் திட்டமிடப்பட்டவை.

ஆகவே, வீடு கட்ட எண்ணுவோர் அஸ்திவாரம் தோண்டுமுன்பே செடிகளைப் பற்றிப் பொறியாளரிடம் பேசவேண்டும். டில்லி போன்ற ஊர்களில், மேற்கே அடர்ந்த மரம் மாலை வெயிலை மறைக்கும். தெற்கே இலையுதிர் மரம் வைத்தால், கோடையில் நிழலும் குளிர்காலத்தில் இளவெயிலும் கிட்டும். மரத்தின் இடம் முதலில் முடிவானால், சன்னலின் இடம் தானே விளங்கும்.

வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு இத்தனை உரிமை இல்லை. எனினும் மேற்குச் சன்னலுக்கு வெளியே தொட்டியில் ஒரு கொடியை வளர்த்துப் படரவிடலாம். அது பூக்காவிட்டாலும் பாதகமில்லை. நிழல் தந்தால் போதும், அதுவும் வீட்டின் ஒரு பகுதியே.