கடையை யாருக்குக் கொடுப்பது?

 

கடை கட்டுவோரும் கடை பிடிப்போரும் நிறைந்த அவை இது. நகரின் நடுவே, கீழே கடைகளும் மேலே அலுவலகங்களுமாக ஒரு வளாகம் எழுந்தால், கடைகளை யாருக்குக் கொடுப்பது? அதிக வாடகை தருபவருக்கே என்பது எளிய விடை. அது போதாது என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் உணர்த்துகிறது.

அங்கே 1826இல் கட்டி முடிக்கப்பட்ட குயின்சி சந்தை, காலப்போக்கில் நலிவுற்றது. ஜேம்ஸ் ரவுஸ் என்பவர், கட்டடக் கலைஞர் பெஞ்சமின் தாம்சனுடன் இணைந்து அதனைப் புதுப்பித்து, 1976 ஆகஸ்டில் திறந்தார். பெரிய அங்காடி ஒன்று இருந்தால்தான் வணிக வளாகம் நிலைக்கும் என்று அந்நாளில் பலரும் நம்பினர். இவர்களோ உணவுப் பொருள் விற்கும் சிறு வணிகர்களை நாடினர்; கடை பிடிக்க வசதியற்றோருக்குத் தள்ளுவண்டிகளைக் குறுகிய கால வாடகைக்கு அளித்தனர். திறப்பு நாளிலேயே மக்கள் வெள்ளமெனத் திரண்டனர்.

பின்னாளில் பெருநிறுவனங்களின் கிளைகளும் நினைவுப்பொருள் கடைகளும் அங்கே பெருகின. சுற்றுலாப் பயணிகள் வந்தனர். அன்றாடத் தேவைக்கு வரும் உள்ளூர் மக்கள் குறைந்தனர்.

எனவே வாடகைத் தொகைக்கு முன் மூன்றைப் பாருங்கள்: அக்கம்பக்கத்தாருக்கு இவர் விற்கும் பொருள் நாள்தோறும் வேண்டுமா? இவரிடம் வருபவர் அடுத்த கடைக்கும் செல்வாரா? வாடகை போக இவருக்கு மிச்சம் இருக்குமா? அடிப்படை வாடகையோடு, விற்பனை ஒரு வரம்பைக் கடந்தால் அதில் பங்கு பெறும் முறையும் அந்நாட்டில் உண்டு. அதில் வணிகர் உயர்ந்தால் உரிமையாளரும் உயர்வார்.

பூட்டிக் கிடக்கும் கடை தன் வாடகையை மட்டுமன்று, அண்டைக் கடையின் வியாபாரத்தையும் கெடுக்கும் என்று கூறி அமைகிறேன்.